தோள்பட்டையும் கழுத்தும் வருடக்கணக்காக இறுகிக் கிடக்கின்றன: மெதுவாக நீவிவிட்டால் போதுமா, அழுத்திப் பிடிக்க வேண்டுமா?

#1 வெண்பனி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. காலையில் கணினி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது இருட்டிவிடும். வலது காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தோள் நுனி வரைக்கும் ஒரே இறுக்கம், பல வருடமாக. சுருக்கென்று குத்துகிற வலி இல்லை, விடாத பாரம். சாயங்காலம் அது பிடரிக்கு ஏறும். சில நாள் அங்கிருந்து கண்ணுக்குப் பின்னால் தலைவலியாக வந்து நிற்கும். கார் ஓட்டும்போது பின்னால் பார்க்க வேண்டுமென்றால் இடுப்போடு சேர்த்துத்தான் திரும்புகிறேன்.

டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. கை பலம், உணர்ச்சி எல்லாம் பார்த்துவிட்டு, "தசைப்பிடிப்புதான், பயப்பட ஒன்றுமில்லை" என்றார். அதன்பிறகு ஒரு மசாஜ் நிலையத்துக்குப் போனேன். அங்கே முழங்கையை வைத்து அழுத்தி, முடிச்சை உடைத்தால்தான் சரியாகும் என்றார்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த சில நாள் தொட்டாலே வலித்தது, தலையைத் திருப்பவே முடியவில்லை.

வீட்டில் கணவர் மெதுவாக நீவிவிட்டால் மட்டும் அந்த இடம் இளகுகிறது. என் கேள்வி இதுதான்: அது அந்த நேரத்துச் சுகம் மட்டும்தானா, இல்லை உள்ளே ஏதாவது நடக்கிறதா? நடக்கிறது என்றால் ஒழுங்காகச் செய்வது எப்படி?


#2 நெடுஞ்சாலை

நான் லாரி ஓட்டுகிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து இரண்டு தோளும் கல்லாகிவிட்டன. என் அனுபவத்தில் நல்லா அழுத்திப் பிடித்தால்தான் விடும். தடவிக்கொடுத்தால் என்ன ஆகும்? வலிக்க வலிக்கப் பிடித்தால் மறுநாள் இலேசாக இருக்கும். ஆனால் ஒன்று, ஒரு வாரத்துக்குள் பழையபடி ஆகிவிடுகிறது.


#3 இயன்முறையாளர்

வெண்பனி, நீங்கள் சொல்லும் இடத்தில் முக்கியமாக இரண்டு தசைகள் இருக்கின்றன. மேலே இருப்பது டிரபீசியஸ். மண்டையோட்டின் அடியில் தொடங்கிக் கழுத்து நெடுக இறங்கி, ஒரு பக்கம் தோள் நுனிக்கும் இன்னொரு பக்கம் முதுகின் நடுவுக்கும் விரிகிற பெரிய தசை. அதற்கு அடியில் லெவேட்டர் ஸ்கேபுலே. கழுத்தின் முதல் நான்கு எலும்புகளிலிருந்து புறப்பட்டு, தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல் மூலையில் வந்து முடிகிறது. இடது கையை வலது தோளுக்கு மேலே போட்டு, நடுவிரலால் அந்த மூலையைத் தேடித் தொட்டுப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அங்கே விரல் பட்டதும் "இதுதான், இதேதான்" என்பார்கள்.

பாரம் தூக்குகிறவருக்குத் தோள் வலித்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. விசைப்பலகை தட்டுகிறவருக்கு ஏன் வலிக்கிறது என்பதுதான் பலருக்கும் புரிவதில்லை. 1991-ல் ஸ்வீடன் ஆய்வாளர் ஹேக் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். சிண்ட்ரெல்லா கருதுகோள் என்று அதற்குப் பெயர், கதையில் முதலில் எழுந்து கடைசியில் தூங்கும் வேலைக்காரப் பெண்ணின் பெயர். இலேசான வேலைக்குத் தசை தன் எல்லா நார்களையும் கூப்பிடுவதில்லை. சின்ன நார்களைத்தான் முதலில் எழுப்பும், கடைசியாகத்தான் அவற்றைத் தூங்கவிடும். நீங்கள் நாள் முழுக்கக் கையை மேசைக்கு மேலே நிறுத்திவைத்தால் அதே நார்கள்தான் காலையிலிருந்து இரவு வரை இழுத்துக்கொண்டே இருக்கும். வேலை குறைவு, ஓய்வு அதைவிடக் குறைவு. மனஅழுத்தம் இருந்தால், கை சும்மா இருக்கும்போதுகூட டிரபீசியஸ் வேலைசெய்துகொண்டிருக்கும். கெடு நெருங்கும்போது தோள் தானாகக் காதுப் பக்கம் ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள்.

இப்போது அழுத்தத்துக்கு வருகிறேன். தசைக்குள் உடைக்கிற மாதிரி முடிச்சு எதுவும் கிடையாது. விரலுக்குத் தட்டுப்படும் அந்த இறுகிய பட்டையும், தொட்டால் வலிக்கும் புள்ளியும் நிஜம். அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் டிராவெல் அவற்றைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். ஆனால் அது தசை தன்னைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் நிலையா, நரம்பு மண்டலம் அந்த இடத்தைக் கூடுதலாகக் காவல் காப்பதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. எப்படியானாலும் முழங்கையால் உடைக்கிற சமாசாரம் அது இல்லை. குழந்தை எதையோ கைக்குள் மூடிவைத்திருக்கும்போது விரலைப் பிரிக்கப் பிரிக்க அது இன்னும் இறுக்கும், கையைத் தடவிக்கொடுத்தால் தானாகத் திறக்கும். கழுத்துத் தசையும் அப்படித்தான். வலிக்கிற அளவுக்கு அழுத்தினால் உடம்பு அதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு விறைக்கும். நீங்கள் பல்லைக் கடித்தீர்களே, அதுதான் அடையாளம்.

மெல்லிய தொடுதல் வெறும் சுகம் என்று ஒதுக்க வேண்டாம். தோலில் மெதுவான வருடலுக்கென்றே சில நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடம்புச் சூட்டில் இருக்கும் கை நகர்ந்தால்தான் அவை நன்றாக எதிர்வினை தரும். வேகமாகத் தேய்த்தால் அவை அடங்கிவிடும். உங்கள் கணவர் தெரியாமலேயே சரியாகச் செய்திருக்கிறார்.

நெடுஞ்சாலை அண்ணா, வலித்தபின் வரும் இலேசு பொய்யில்லை. ஓர் இடத்தில் பலமாக வலித்தால் மூளை மற்ற வலிகளைக் கொஞ்ச நேரம் அமுக்கிவைக்கும். ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், வாரம் தாங்குவதில்லை என்று.


#4 கூர்நோக்கு

இயன்முறையாளர் சொல்வதில் ஒரு விஷயத்தை நேரடியாகக் கேட்கிறேன். மசாஜ் கழுத்துவலியைத் தீர்க்கிறது என்பதற்கு ஆதாரம் எவ்வளவு பலமானது? எனக்குத் தெரிந்தவரை ஆய்வுகள் சிறியவை, பலன் குறுகிய காலத்துக்கு மட்டும். 2014-ல் அமெரிக்காவில் நாள்பட்ட கழுத்துவலி உள்ள 228 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. நான்கு வார காலத்தில் வாரம் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 60 நிமிடம் மசாஜ் செய்துகொண்டவர்களுக்குத் தெளிவான பலன் இருந்தது. 30 நிமிடம் செய்துகொண்டவர்களுக்கும் மசாஜ் இல்லாமல் காத்திருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்படியிருக்க, வீட்டில் பத்து நிமிடம் நீவிவிடுவதால் என்ன ஆகும்?

இன்னொன்று, மசாஜ் லாக்டிக் அமிலத்தை வெளியேற்றும், நச்சை நீக்கும் என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்கள். உடற்பயிற்சி செய்து முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அது (லாக்டேட்) தானாகவே வடிந்துவிடும். கழுத்து இறுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தெரிந்தவர்கள் இதைச் சொல்லாமல் விட்டால் ஏமாறுகிறவர்கள் ஏமாந்துகொண்டேதான் இருப்பார்கள்.


#5 இயன்முறையாளர்

அந்த ஆய்வை நானும் அறிவேன், நீங்கள் சொன்னது சரி. நச்சு, லாக்டிக் அமிலம் பற்றிச் சொன்னதும் முழுக்கச் சரி.

நீவிவிடுவது இறுக்கத்தின் காரணத்தை எடுத்துவிடும் என்று நான் சொல்லவே இல்லை. இறுகிய கழுத்துக்கு ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளியில் தலை கொஞ்சம் அதிகமாகத் திரும்பும், அசைக்கப் பயம் இருக்காது, அன்றைக்குத் தூக்கம் நன்றாக வரும். அதைப் பயன்படுத்தி அசைவையும் பலத்தையும் உள்ளே கொண்டுவர வேண்டும். வெறுமனே நீவிவிட்டுத் திரும்ப நாற்காலியில் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் எத்தனை மணி நேர மசாஜும் நிற்காது. அதேபோல, தொட்டாலே பதறுகிற கழுத்தை வைத்துக்கொண்டு நேராக உடற்பயிற்சியில் இறக்கினால் பலர் முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேண்டும், வரிசையும் முக்கியம்.


#6 ஊசிநூல்

நான் தையல் வேலை செய்கிறேன். எனக்குப் பிடித்துவிட ஆள் கிடையாது, தனியாகத்தான் இருக்கிறேன். அதனால் எனக்கு நானே செய்துகொள்வதை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் சூடு. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக் கால் மணி நேரம் உட்காருவேன். துண்டை முதலில் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துக்கொள்வேன். பிறகு மேசை முன்னால் உட்கார்ந்து வலது முழங்கையை ஒரு தலையணைமேல் வைத்துவிடுவேன். இதுதான் முக்கியம், இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு ரொம்ப நாளாயிற்று. கை தொங்கிக்கொண்டிருந்தால் தோள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், நீவினாலும் இளகாது. முழங்கைக்குத் தாங்கல் கொடுத்ததும் தோள் அரை அங்குலம் கீழே இறங்குவது கண்ணாடியில் தெரியும்.

அப்புறம் இடது உள்ளங்கையை வலது தோளின் சதைமேல் அப்படியே வைப்பேன். அழுத்த மாட்டேன், கையின் பாரம் மட்டும். மூச்சை மூக்கால் இழுத்து வாயால் நீளமாக விடுவேன். விடும்போது விரல்கள் தானாகக் கொஞ்சம் உள்ளே அமிழும், அந்த அளவு போதும். நாலைந்து மூச்சுக்கு அப்புறம்தான் கையை நகர்த்துவேன், தோள் நுனியிலிருந்து கழுத்தை நோக்கி. ஓர் இடத்தில் விரலுக்கடியில் கயிறு மாதிரி உருளும். அங்கே நிறுத்தி, விரலை அசைக்காமல் தலையை மட்டும் மெதுவாக "ஆமாம், இல்லை" என்று ஆட்டுவேன். விரல் தேய்ப்பதற்குப் பதிலாகக் கழுத்தே விரலுக்கடியில் நகரும். அது எனக்குத் தேய்ப்பதைவிட நன்றாகக் கேட்கிறது.

டென்னிஸ் பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்துச் சாய்வதும் உண்டு. தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையில் இருக்கிற சதையில் மட்டும்தான். எலும்புமேல் வைப்பதில்லை, தரையில் படுத்தும் செய்வதில்லை. படுத்தால் உடம்பின் பாரம் முழுக்கப் பந்தின்மேல் இறங்கிவிடும்.


#7 வெண்பனி

ஊசிநூல் அக்கா, முழங்கைக்குத் தலையணை வைத்து இப்போதே உட்கார்ந்து பார்த்தேன். தோள் இறங்கியது எனக்கே தெரிந்தது. நன்றி.

இயன்முறையாளர் அவர்களே, கணவர் செய்வதற்கு ஒரு முறை எழுதித் தர முடியுமா? எங்கே தொடலாம், எங்கே தொடக் கூடாது என்பதும் வேண்டும். அவருக்கு ஆசை இருக்கிறது, தவறாகப் பிடித்துவிடுவோமோ என்ற பயமும் இருக்கிறது.


#8 இயன்முறையாளர்

அந்தப் பயம் நல்லதுதான், கையை நிதானமாக வைத்திருக்கும்.

முதலில் தொடக் கூடாத இடம். கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டின் முன்பாதியும் முழுக்க விலக்கு. காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை சாய்வாக ஒரு தசை ஓடுகிறதல்லவா, அதற்கு அடியில்தான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனி இருக்கிறது. அங்கே அழுத்தினால் இதயத்துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். கழுத்தெலும்புகளின் மேலும் நேராக அழுத்த வேண்டாம். தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது வேண்டவே வேண்டாம். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. சத்தம் வந்தால் சரியாகிவிட்டது என்று நினைப்பதும் தவறு. அது மூட்டுக்குள் வாயுக்குமிழி உண்டாவதால் வரும் சத்தம்தான்.

இனி முறை. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து மேசைமேல் தலையணைகளை அடுக்கி, இரண்டு கையையும் அதன்மேல் போட்டு நெற்றியைச் சாய்த்துக்கொள்ளுங்கள். மனிதக் கை ஒவ்வொன்றும் உடல் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். 60 கிலோ உள்ளவருக்கு ஒரு கை 3 கிலோ. தலை நாலரை முதல் ஐந்தரை கிலோ வரை. இந்த எடைகளை மேசை வாங்கிக்கொண்டால்தான் தசைக்கு ஓய்வு. ஊசிநூல் சொன்னது பொன்னான விஷயம்.

அவர் பின்னால் நின்று, கையைச் சூடாக்கிக்கொண்டு, இரு உள்ளங்கைகளையும் தோள்களின்மேல் வைத்து ஒரு நிமிடம் சும்மா இருக்கட்டும். நிறையப்பேர் இதைத் தவறவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில் மூச்சு இறங்குவது கையிலேயே தெரியும். பிறகு பிடரியிலிருந்து தோள் நுனி வரை, முழு உள்ளங்கையால், மெதுவாக ஒரே இழுப்பாக நீவ வேண்டும். இந்த ஒரு சாண் தூரத்தைக் கடக்க ஐந்தாறு நொடி ஆகலாம், அவசரமே வேண்டாம். தோல் உராய்ந்து எரியாமல் இருக்க இரண்டு சொட்டு எண்ணெய் போதும். எந்த எண்ணெய் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை, அது வழுக்கலுக்குத்தான். நிறைய ஊற்றினால் தசையைப் பிடிக்கவே முடியாது.

நாலைந்து நிமிடம் நீவியபின், தோளின் மேல்சதையை ஒரு பக்கம் கட்டைவிரலும் மறுபக்கம் நான்கு விரல்களுமாகப் பிடித்து இலேசாகத் தூக்கிப் பிடிக்கட்டும். கிள்ளக் கூடாது. விரல்நுனியால் இல்லை, விரல்களின் தட்டையான பகுதியால். நீங்கள் மூச்சு விடும்போது பிடித்து, இழுக்கும்போது தளர்த்த வேண்டும். அந்த இடம் முடிந்ததும் நான் முதலில் சொன்ன உள்மூலை. கட்டைவிரலின் வயிற்றுப்பகுதியை அதன்மேல் வைத்து, 0 முதல் 10 வரையான வலியில் 3 அல்லது 4-க்கு மேல் போகாமல் நிறுத்தி, அசையாமல் 30 நொடி. "இப்போது எத்தனை?" என்று கேட்கட்டும். நீங்கள் 4 என்று தொடங்கி 2 என்று சொன்னால் அங்கே வேலை முடிந்தது. குறையவே இல்லையென்றால் அழுத்தத்தைக் கூட்டாமல் அடுத்த இடத்துக்குப் போகட்டும்.

உங்கள் தலைவலிக்கு இன்னொன்று இருக்கிறது. நீங்கள் மல்லாந்து படுங்கள். அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, இரு கைகளின் விரல்களையும் வளைத்து, மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் அந்த மெத்தென்ற விளிம்புக்கு அடியில் வைக்கட்டும். தலையைத் தூக்கவோ இழுக்கவோ வேண்டாம். தலை தன் பாரத்தில் தானாக விரல்மேல் உட்காரும். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே. அந்த இடத்தில் நான்கு ஜோடிச் சின்னத் தசைகள் இருக்கின்றன. திரையைப் பார்க்க மோவாய் முன்னே நீளும்போது அவைதான் சுருங்கி நிற்கின்றன. அவை இளகும்போது தலை திடீரென்று கனமாகி விரலுக்குள் அமிழும். பிடித்திருப்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

மொத்தம் பதினைந்து இருபது நிமிடம். முடிந்ததும் உடனே கணினிக்கு ஓடாமல், தலையை இரு பக்கமும் வலிக்காத தூரம் மட்டும் ஐந்தாறு தடவை திருப்புங்கள். தோள்களைப் பின்பக்கமாகச் சுழற்றுங்கள்.


#9 இளவேனில்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே கழுத்து இறுக்கம், ஆனால் இரண்டு வாரமாக இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகின்றன. நேற்று கையிலிருந்த டம்ளர் நழுவிவிட்டது. தம்பி நீவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறான். மேலே சொன்ன முறையை அப்படியே செய்யலாமா?


#10 இயன்முறையாளர்

இளவேனில், வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாமல் இந்த ஓரிரு நாளிலேயே. விரல் மரத்துப்போவதும் பிடி தளர்வதும் சேர்ந்து வந்தால், கழுத்தில் நரம்பு வேர் நெருக்கப்படுகிறதா என்று பார்த்தாக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அறுவை இல்லாமலே குணமாகும், அதனால் பதறாதீர்கள். ஆனால் பரிசோதனைக்கு முன்னால் யாரும் கழுத்தைத் தொட வேண்டாம்.

படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டு கையும் சேர்ந்து தடுமாறுவது, பொத்தான் போட முடியாமல் போவது, நடக்கும்போது கால் தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்பாடு மாறுவது இவையெல்லாம் தண்டுவடம் நெருக்கப்படுவதைக் காட்டலாம். காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், அடிபட்டு அல்லது விழுந்து கழுத்து வலித்தால், இதுவரை அனுபவிக்காத கடுமையான வலி ஒரு பக்கக் கழுத்தில் திடீரென்று வந்து கூடவே தலைச்சுற்றலோ இரட்டைப் பார்வையோ பேச்சுக் குழறலோ இருந்தால், நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இடது தோளும் தாடையும் வலித்து நெஞ்சு இறுகி வியர்த்தாலும் அப்படியே. அது தோள் சமாசாரம் இல்லை, இதயமாக இருக்கலாம்.

முடக்குவாதம் இருப்பவர்களுக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. எலும்பு மெலிந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் எல்லோரும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் மசாஜ் செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் மூட்டே உறைந்து கை மேலே தூக்க முடியாமல் போவது அதிகம். அதைத் தசை இறுக்கம் என்று நினைத்து மாதக்கணக்கில் நீவிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டப்படும். இன்னொருவர் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாலும் கை ஏறவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.


#11 இளவேனில்

நாளைக்கே போகிறேன். தம்பியிடமும் இதைப் படித்துக் காட்டிவிட்டேன்.


#12 தண்ணிழல்

எனக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கழுத்தெலும்பு தேய்மானம், வட்டு (எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பது) பிதுக்கம் என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததிலிருந்து கழுத்தை அசைக்கவே பயம். யாரையும் தொட விடுவதில்லை. கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டே திரிகிறேன். மருத்துவர் பட்டை தேவையில்லை என்றுதான் சொன்னார், ஆனாலும் பயம்.


#13 கூர்நோக்கு

தண்ணிழல், இந்த விவரம் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். 2015-ல் ஜப்பானிலிருந்து வெளிவந்த ஆய்வில், கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு வட்டு பிதுக்கம் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பான்மையோருக்கு இருந்தது. வலியே இல்லாதவர்களுக்கு! படத்தில் தெரிவது எல்லாமே வலிக்குக் காரணம் ஆகிவிடாது. கை கால் பலம், உணர்ச்சி எல்லாம் சரி என்று மருத்துவர் பார்த்துச் சொல்லியிருந்தால் அவர் சொல்வதை நம்பலாம்.

மசாஜைப் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது, ஆனால் அசையாமல் இருப்பது நல்லதில்லை என்பதில் சந்தேகமே இல்லை.


#14 இயன்முறையாளர்

கூர்நோக்கு சொன்னதை நானும் வழிமொழிகிறேன். தண்ணிழல், பட்டையைச் சும்மா போட்டுக்கொண்டே இருந்தால் தசை வேலை மறந்து பலம் குறையும். மருத்துவரிடம் இன்னொரு முறை பேசி, பட்டையை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று கேளுங்கள். பயந்த கழுத்துக்கு மென்மையான தொடுதல் உதவுகிற இடம் இதுதான். யாரோ தொடுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பு திரும்பக் கற்றுக்கொள்ளும். முதலில் உங்கள் கையாலேயே பிடரியைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு விரற்கடை மட்டும் திருப்பிப் பாருங்கள்.


#15 கூர்நோக்கு

வெண்பனிக்கு நான் பரிந்துரைப்பது பயிற்சி. 2011-ல் டென்மார்க் ஆய்வு ஒன்று. அடிக்கடி கழுத்து, தோள் வலி வரும் 198 பேர். ஒரு குழுவுக்குத் தினம் வெறும் 2 நிமிடம், இன்னொரு குழுவுக்கு 12 நிமிடம், வாரம் ஐந்து நாள், ரப்பர் குழாயைக் காலடியில் மிதித்துக்கொண்டு கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி இறக்கும் பயிற்சி. பத்து வாரத்தில், பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், 0 முதல் 10 வரையான வலி அளவில் 2 நிமிடக் குழுவுக்கு 1.4 குறைந்தது, 12 நிமிடக் குழுவுக்கு 1.9. இரண்டு நிமிடத்துக்கே இவ்வளவு! நேரமில்லை என்று சொல்வதற்கு இடமே இல்லை.


#16 இயன்முறையாளர்

நான் தினமும் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி இது. ஒரே ஒரு சேர்க்கை: கழுத்து இளகிய பிறகு செய்யுங்கள், தோளைக் காதுக்கு ஏற்றாமல் தூக்குங்கள். ரப்பர் குழாய் மிக மெல்லியதாகத் தொடங்கட்டும். செய்த மறுநாள் சதை கொஞ்சம் வலித்தால் பயம் வேண்டாம், கைக்குள் மின்சாரம் பாய்கிற மாதிரி வந்தால் நிறுத்திவிடுங்கள்.


#17 ஊசிநூல்

வெண்பனி, கண்ணாடி போடுகிறீர்களா? தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அப்படிப்பட்ட கண்ணாடியில் படிக்கிற பகுதி கீழே இருக்கும். திரையைப் பார்க்க நம்மையறியாமல் மோவாயைத் தூக்குவோம். நாள் முழுக்கப் பிடரி மடங்கியே இருக்கும். எங்கள் கடைக்கு வரும் ஒரு டீச்சருக்கு இதுதான் தலைவலிக்குக் காரணமாக இருந்தது. கணினிக்கென்று தனிக் கண்ணாடி போட்டபிறகு விட்டது.


#18 வெண்பனி

ஆமாம் அக்கா! ஒரே கண்ணாடிதான், போன வருடம்தான் மாற்றினேன். தலைவலி வர ஆரம்பித்ததும் அதற்கப்புறம்தான். இதை யாரும் கேட்டதே இல்லை. கண் டாக்டரிடம் பேசுகிறேன். அதுவரை திரையைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்திருக்கிறேன், மோவாய் தூக்காமல் படிக்க முடிகிறது.


#19 நெடுஞ்சாலை

ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். வீட்டில் சொல்லி, அழுத்தாமல், தலையணைமேல் கையைப் போட்டுக்கொண்டு, நீங்கள் எழுதிய மாதிரியே மெதுவாகச் செய்யச் சொன்னேன். முதல் ஐந்து நிமிடம் எனக்குப் பொறுமையே இல்லை, இன்னும் அழுத்து என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த உள்மூலையில் விரலை வைத்து அசையாமல் இருந்தபோதுதான், என் தோள் இவ்வளவு நேரமும் மேலேயே நின்றிருந்தது தெரிந்தது. அது இறங்கிய மாதிரி முழங்கையால் அழுத்தியபோது ஒரு நாளும் இறங்கியதில்லை. மறுநாள் வலியும் இல்லை.

எத்தனை நாள் தாங்குகிறது என்று இன்னும் பார்க்க வேண்டும். ஆனால் வண்டி ஓட்டும்போது சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் போட்டு ஒரு மூச்சு நீளமாக விடுகிறேன். அந்தச் சின்ன நார்களுக்கு ஓய்வு என்று சொன்னீர்களே, அதை நினைத்துத்தான்.


#20 இயன்முறையாளர்

அண்ணா, சிக்னலில் நீங்கள் செய்வது மசாஜைவிடப் பெரிய விஷயம். தசைக்கு நாளுக்கு ஒரு தடவை கிடைக்கும் நீண்ட ஓய்வு மட்டும் போதாது, நடுநடுவே கிடைக்கும் சில நொடிகளும் வேண்டும். வெண்பனிக்கும் அதேதான்: ஒரு பத்தி மொழிபெயர்த்ததும் கையை மடியில் போடுங்கள்.


#21 வெண்பனி

செய்கிறேன். கடைசியாகக் கணவரின் கேள்வி ஒன்று. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்ததில் அவருடைய கட்டைவிரல் அடிமூட்டு வலிக்கிறதாம். அவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. எனக்காகச் செய்யப்போய் அவர் கஷ்டப்பட வேண்டாம்.


#22 இயன்முறையாளர்

கட்டைவிரலுக்கு வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள். நீவுவதற்கு உள்ளங்கையின் அடிப்பகுதியும் முன்கையின் மென்மையான பக்கமும் போதும். அழுத்தம் விரலிலிருந்து வரக் கூடாது, அவர் ஒரு காலை முன்னே வைத்து உடம்பை இலேசாகச் சாய்த்தால் அதுவே வரும். உள்மூலைக்குக் கட்டைவிரலுக்குப் பதில் இரண்டு விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். தினமும் வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யட்டும். நடுநாளில் நீங்கள் ஊசிநூல் சொன்ன மாதிரி நீங்களே செய்துகொள்ளுங்கள். அவருடைய விரல்வலி ஒரு வாரத்தில் போகாவிட்டால் அதையும் காட்டிவிடுங்கள்.


#23 இளவேனில்

மருத்துவரைப் பார்த்தேன். ஆறாவது கழுத்து நரம்பு வேரில் அழற்சி என்கிறார், பலம் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறதாம். மருந்து, பிசியோதெரபி, சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கழுத்தை இப்போதைக்கு யாரும் பிடிக்க வேண்டாம், தோளுக்குக் கீழே முதுகை மெதுவாக நீவலாம் என்றார். தம்பி அதைச் செய்கிறான். விரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, ஆனால் இரவில் தூங்க முடிகிறது.